திவிசோரியாவில் மடங்கிய விரல்

மணிலாவில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே என் பெயர் மாறிவிட்டது. பெட்டி தூக்கியவர், ஓட்டல் வாசலில் நின்ற காவலாளி, பூ விற்ற பெண் எல்லாருக்கும் நான் பம்பாய். இந்தியாவிலிருந்து யார் போனாலும் அந்த ஊரில் பம்பாய்தான். பஞ்சாப்காரர் தலைப்பாகையோடு போனாலும் பம்பாய், சிந்திக்காரர் கோட்டுப் போட்டுப் போனாலும் பம்பாய். நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை என்று பூக்காரியிடம் சொன்னேன். "சரி, பம்பாய்" என்று ஒரு சரத்தை நீட்டினாள்.

பூ நம் மல்லிகைக்கு நெருங்கிய சொந்தம். வாசனையும் அதேதான். ஆனால் அங்கே யாரும் தலையில் வைப்பதில்லை. சாமி சிலைக்குப் போடுகிறார்கள், ஜீப்பின் கண்ணாடியில் தொங்கவிடுகிறார்கள். இவ்வளவு பூ விற்கும் ஊரில் ஒரு கூந்தலிலும் பூ இல்லாதது மதுரைப் பக்கத்து ஆளுக்குக் கொஞ்சம் உறுத்தும்.

நான் வேலை பார்த்த பத்திரிகை என்னை அனுப்பியது ஒரு விவசாய மாநாட்டுக்கு. பேச்சுகளை எழுதித் தந்தி ஆபீசில் கொடுத்ததோடு அந்த வேலை முடிந்தது. மிச்சமிருந்த நாட்கள் என் அக்காவுடையவை.

அக்கா பேச்சியம்மாள் போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் இருக்கிறாள். அவள் கணவர் வேலுச்சாமி போடியில் ஏலக்காய்த் தரகராக இருந்தவர். யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு சிந்தி வியாபாரியோடு மணிலாவுக்குக் கப்பலேறினார். மகளுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. பிறகு சண்டை வந்தது, தபால் நின்றது. சண்டை முடிந்தும் அவர் வரவில்லை. செத்துப்போனார் என்றார்கள் சிலர். அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டார் என்றார்கள் மற்றவர்கள். அக்கா தாலியைக் கழற்றவும் இல்லை, ஒரு விசேஷ வீட்டில் முன்னால் போய் நிற்கவும் இல்லை. வருகிற தையில் மகளுக்குக் கல்யாணம். மணவறைப் பக்கத்தில் அவளை எங்கே நிறுத்துவது என்று சொந்தக்காரர்கள் அவள் காதுபடவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் மணிலா போகிறேன் என்று தெரிந்ததும் அக்கா சொன்னது இதுதான்: "தம்பி, உசுரோட இருந்தா எப்படி இருக்காருன்னு பாத்துட்டு வா. இல்லைன்னா, இல்லைங்கறதப் பாத்துட்டு வா. அவரு சொன்னாரு இவரு சொன்னாருன்னு மட்டும் வந்து நிக்காத. அது எனக்கு இங்கனயே நெறையக் கெடைக்குது."

மச்சானின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அடையாளம் ஒன்று உண்டு. வலது கை ஆட்காட்டி விரல் பாதிதான். சின்ன வயதில் கரும்பு ஆலையில் மீதி போய்விட்டது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் சொன்ன துப்பும் ஒன்று இருந்தது: கியாப்போ கோயிலுக்குப் பின்னால், ஒரு சிந்தி துணிக்கடை.

கியாப்போ மணிலாவின் நடுவில் இருக்கும் பேட்டை. கோயிலுக்குள் கருநிறத்து ஏசு சிலுவை சுமந்து நிற்கிறார். பெண்கள் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலால் நகர்ந்து போகிறார்கள். வெளியே வந்தால் மெழுகுவர்த்தி, வேர், தைலம், ஜோசியம். எல்லாக் கடைகளும் கோயில் சுவரை ஒட்டியே இருக்கின்றன. மீனாட்சி கோயில் புது மண்டபக் கடைகளில் சுற்றித் திரிந்தவனுக்கு இதில் வழி தவற இடமில்லை.

வழி கேட்பதில்தான் தவறினேன். "இந்தியர் துணிக்கடை எங்கே?" என்று ஒரு தைலக்காரரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்து உதட்டைக் குவித்துக் காட்டினார். ஏளனம் செய்கிறார் என்று அடுத்தவரிடம் போனேன். அவரும் குவித்தார். மூன்றாவதாக ஒரு கிழவி குவித்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் பலகாரம் விற்றவர் சிரித்தார். "அந்த அம்மா உனக்கு வழி காட்டுகிறாள் ஐயா. கையில் சாமான் இருக்கும்போது வேறு எதால் காட்டுவது?" உதடு நீண்ட திசையில் பார்த்தேன். துணிக்கடைப் பலகை தெரிந்தது.

அவர் விற்ற பலகாரத்தையும் சொல்ல வேண்டும். பெயர் பூத்தோ. அரிசி மாவை ஆவியில் வேகவைத்து எடுத்தது. இட்லிக்குச் சர்க்கரை போட்டால் எப்படியிருக்குமோ அப்படி. மேலே தேங்காய்த் துருவல். நான்கு தின்றேன். அவர் அடுத்துக் கொடுத்த அவித்த வாத்து முட்டையை உடைத்தபோது உள்ளே ஒரு குஞ்சு இறகோடு படுத்திருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைக்குள் போனேன்.

கடை மானேஜர் சிந்திக்காரர், மரியாதையானவர். வேலுச்சாமி என்ற பெயரைக் கேட்டதில்லை என்றார். யுத்தத்துக்கு முன்பிருந்த முதலாளி வேறு. கடை எரிந்து, கைமாறி, மறுபடி கட்டியது. "எங்கள் சமையல்காரர் உங்கள் பாஷைதான்" என்று பின்கட்டுக்கு அனுப்பினார்.

காதர் கீழக்கரைக்காரர். என் குரலைக் கேட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார்.

"எந்த ஊருண்ணே?"

"போடி."

"ஏலக்கா ஊரு! ஒரு பொட்டலம் கொண்டாந்திருக்கலாமேண்ணே. இங்க உள்ளவங்க எதுலயும் போடமாட்டாங்க. பிரியாணிக்கு நான் யாருகிட்டப் போவேன்?"

ரசமும் சோறும் போட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மணிலாவுக்கு வந்தது சண்டைக்குப் பிறகு. பழைய கடை ஆட்கள் ஆற்றுக்குத் தெற்கே எர்மிட்டாவில் அறை எடுத்திருந்தார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார்.

"அண்ணே, நான் ஒண்ணு சொன்னா வருத்தப்படாதீக. அந்தப் பக்கம் முழுக்க எரிஞ்சு போச்சு. போயிட்டாருன்னு ஊருல சொல்லிருங்க. ஒருத்தரும் வந்து பாக்கப் போறதில்ல."

"எங்க அக்கா நம்பமாட்டா."

"நீங்க சத்தியம் பண்ணினாக்கூடவா?"

"நான் பாக்காததுக்குச் சத்தியம் பண்ணமாட்டேன்னு அவளுக்குத் தெரியும்."

காதர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். "அப்ப ஆத்தைத் தாண்டுங்க" என்றார்.

மறுநாள் காலையில் பாசிக் ஆற்றைத் தாண்டினேன். வடகரையில் சினிமாக் கொட்டகை, கண்ணாடிக் கடை, கூட்டம். தென்கரையில் பழைய ஸ்பானியக் கோட்டைச் சுவர் இடிந்து கிடந்தது. அதற்குள் தகரக் கொட்டகை போட்டுச் சனங்கள் குடியிருந்தார்கள். கூரை இல்லாத ஒரு தேவாலயத்தில் வாழை மரம் குலை தள்ளியிருந்தது. எர்மிட்டாவில் புதுக் கட்டிடத்துக்குப் பக்கத்தில் வெறும் தூண்கள், அதற்குப் பக்கத்தில் மறுபடி புதுக் கட்டிடம்.

எர்மிட்டாக்காரர்கள் வழி சொல்வது தனி விதம். "மருந்துக்கடைக்கு எதிரே" என்பார்கள். போனால் மருந்துக்கடை இராது. திரும்பி வந்து கேட்டால், "அது எரிந்துவிட்டது, ஆனால் இடம் அதுதான்" என்பார்கள். அன்று முழுவதும் நான் இல்லாத மருந்துக்கடை, இல்லாத பள்ளிக்கூடம், இல்லாத பனிக்கட்டித் தொழிற்சாலை ஆகியவற்றின் வழியாக நடந்தேன். பழைய கடை ஆட்களைத் தெரிந்தவர் ஒருவரும் அகப்படவில்லை.

சாயங்காலம் ஒரு சோற்றுக்கடையில் உட்கார்ந்தேன். இஞ்சி தட்டிப்போட்ட அரிசிக் கஞ்சி, மேலே பொரித்த பூண்டு. காய்ச்சல்காரனுக்கு நம் வீட்டில் வைப்பதுதான், ருசி இன்னும் மேல். பரிமாறிய அம்மாள் சண்டைக் காலத்தில் வடகரையில் இருந்தவர். துணிக்கடை பம்பாய்களைப் பற்றிக் கேட்டேன்.

"ஜப்பான்காரன் காலத்தில் துணிக்கடையா?" என்றார். "துணி ஏது? கையில் கிடைத்ததை வாங்கி, கையில் கிடைத்ததை விற்றோம். டாக்டரும் விற்றார், வாத்தியாரும் விற்றார். எல்லாம் திவிசோரியா சந்தையில். உன் ஆள் சாப்பிட்டிருந்தால் திவிசோரியாவில்தான் சாப்பிட்டிருப்பான்."

பொழுது விடிந்ததும் திவிசோரியாவுக்கு ஜீப்பு ஏறினேன். அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன ஜீப்பை நீட்டி, எதிரெதிரே பெஞ்சு போட்டு, உடம்பெல்லாம் படம் எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் அதே ஜீப்பு அழுக்குப் பச்சையாகவே குரங்கணி மலைக்கு லோடு ஏற்றுகிறது. இங்கே அதற்குக் கல்யாண அலங்காரம்.

டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு சண்டைச் சேவல் உட்கார்ந்திருந்தது. பாதி வழியில் வண்டியை ஒரு தட்டிக் கொட்டகைக்கு எதிரில் நிறுத்திவிட்டு, சேவலைத் தூக்கிக்கொண்டு டிரைவர் உள்ளே போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் பேப்பரைப் பிரித்தார், ஓர் அம்மாள் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். "எப்போது வருவார்?" என்றேன். "சேவல் தோற்றால் சீக்கிரம்" என்றார் பேப்பர்காரர். நம் ஊர் பஸ்சில் கண்டக்டர் டீ குடிக்க இறங்கினாலே கலகம் நடக்கும். நான் இறங்கி நடந்தேன்.

திவிசோரியா சந்தையை எழுத்தில் அடக்க முடியாது. மீன், துணி, பானை, பன்றி, பழம், பாய், எல்லாம் ஒரே இரைச்சல். ஈரத் தரையில் வழுக்காமல் நடப்பதே ஒரு வேலை. சண்டைக் காலத்தில் இருந்த பம்பாயை விசாரித்தேன். மூன்று பேரிடம் அனுப்பினார்கள். ஒருவர் பஞ்சாப்காரர், ஒருவர் சண்டைக்குப் பிறகு வந்தவர், மூன்றாமவர் அரபு தேசத்து ஆள். அவரையும் பம்பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். திருத்துவதை அவரே விட்டுவிட்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் வெங்காயம், பூண்டு வரிசைக்கு வந்து சேர்ந்தேன். மூட்டைக்கணக்கில் விற்கும் பெண்கள். ஒரு பருத்த அம்மாள் வாங்க வந்தவரின் கையைத் தன் தோள் துணிக்குள் இழுத்தாள். இருவர் முகத்திலும் சலனம் இல்லை. துணிக்குள் கைகள் மட்டும் அசைந்தன. பிறகு இரண்டு கையும் வெளியே வந்தன, மூட்டை கைமாறியது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். போடியில் ஏலக்காய் பேரம் இப்படித்தான் நடக்கும். துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், சுற்றி நிற்பவருக்குத் தெரியாது. ஆனால் சீன வியாபாரிகளும் சட்டைக் கைக்குள் விரல் பிடித்துப் பேசுவதாகப் படித்திருக்கிறேன். அந்தச் சந்தையில் சீனர்கள் நிறைய. இதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது.

"என்ன பார்க்கிறாய் பம்பாய்? வாங்குகிறாயா, வழியை மறைக்கிறாயா?" என்றாள் அந்த அம்மாள். சிப்பாய்களிடம் கற்ற இங்கிலீஷ்.

"வாங்குகிறேன்" என்று கையை நீட்டினேன்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் கெக்கலித்தார்கள். அவள் என் கையைத் துணிக்குள் இழுத்தாள். நடுவிரலால் அழுத்தினாள். மோதிர விரலால் அழுத்தினாள். சுண்டு விரல் வந்தது, கட்டைவிரல் வந்தது. ஆட்காட்டி விரல் மட்டும் வரவில்லை. அதை உள்ளங்கையில் மடக்கி வைத்திருந்தாள். போடியில் பேரத்தைத் தொடங்குவதே அந்த விரல்தான்.

பக்கத்துக் கடைக்காரியிடம் கையை நீட்டினேன். அவளும் மடக்கினாள். அதற்கடுத்தவளும் மடக்கினாள்.

"ஏன் இந்த விரலை மடக்குகிறீர்கள்?"

முதல் அம்மாள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "மடக்காமல் எப்படிப் பேசுவது? அதுதான் முறை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பம்பாய் மடக்கித்தான் வைத்திருப்பான்."

"மடக்கியிருந்தாரா? விரல் இருந்ததா?"

துணிக்குள் நடக்கும் பேரத்தை யார் பார்த்தார்கள்? தொட்டுத்தானே படித்தார்கள். அவள் யோசித்தாள். தன் ஆட்காட்டி விரலை எடுத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "பாதி இருந்தது" என்றாள். இவ்வளவு வருஷமாக அத்தனை பெண்களும் ஒரு மனிதரின் ஊனத்தை வியாபார முறை என்று நினைத்துப் பழகியிருக்கிறார்கள்.

அவள் பெயர் செலா. சந்தையில் அலிங் செலா என்பார்கள். அலிங் என்பது நாம் அக்கா என்பது போல. என்னைப் பூண்டு மூட்டை மேல் உட்காரவைத்தாள். நான் கேட்டேன், அவள் சொன்னாள்.

துணிக்கடை மூடியதும் மச்சான் இந்த வரிசைக்கு வந்தார். ஜப்பான் சிப்பாய்கள் விலையை ஒட்டுக்கேட்டுச் சரக்கைப் பிடுங்கிய காலம். கையை மூடிப் பேசக் கற்றுக்கொடுத்தார். வரிசை பிழைத்தது. அமெரிக்கப் பட்டாளம் வந்து வடகரை விடுபட்ட சமயம், அவரோடு தங்கியிருந்த கடைக் கணக்குப்பிள்ளை, வயசாளி, தென்கரையில் காய்ச்சலாகக் கிடந்தார். ஜப்பான்காரர்கள் பாலங்களைத் தகர்த்துவிட்டார்கள். மச்சான் அரிசியைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடத்தில் போனார். அக்கரை எரிந்தது. சில நாள் கழித்து இன்னொரு ஓடத்தில் வயிற்றில் குண்டுச் சிதறலோடு திரும்பி வந்தார். கணக்குப்பிள்ளை முன்பே இறந்துவிட்டிருந்தார். மச்சான் செலாவின் வீட்டில் மறுநாள் இறந்தார்.

"ஏதாவது சொன்னாரா?"

"தண்ணீர் கேட்டான். அப்புறம் எங்களுக்குப் புரியாத பேச்சு. ரொம்ப நேரம் பேசினான்."

ஊரில் கேட்பார்கள் என்பதால் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருந்தது. "உங்களோடு குடும்பம் நடத்தினாரா?"

செலா சிரித்த சிரிப்பில் மூட்டை ஆடியது. "என் புருஷனோடு சேவல் சண்டைக்குப் போவான். என்னோடு பேசினால் பூண்டைப் பற்றித்தான். ஊரில் மகள் இருக்கிறாள், மகள் இருக்கிறாள் என்று உயிரை எடுப்பான். உனக்கு அவன் யார்?"

"என் அக்கா கணவர்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "நாளைக்கு வா. நாளைக்கு எல்லாரும் போகிற நாள்" என்றாள்.

மறுநாள் அவர்களுக்குச் செத்தவர் திருநாள். மணிலா முழுவதும் கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டிருந்தது. பாய், பானை, அடுப்பு, கைக்குழந்தை, சீட்டுக்கட்டு, எல்லாம் ஜீப்புகளில் ஏறின. கல்லறை மேல் துணி விரித்து, புளி போட்ட மீன் குழம்பும் சோறும் பரிமாறினார்கள். ஒரு பக்கம் ஜெபம், ஒரு பக்கம் சீட்டாட்டம். நாம் சுடுகாட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமல் வருகிறோம். இவர்கள் அங்கே போய்ப் பகல் முழுவதும் படுத்துத் தூங்குகிறார்கள்.

பூண்டு வரிசைப் பெண்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். செலாவின் புருஷன் என்னை ஒரு சின்ன சிமெண்டுச் சிலுவைக்கு அழைத்துப் போனார். வெள்ளை அடித்திருந்தது, சுற்றிலும் புல் வெட்டியிருந்தது. சிலுவையில் ஹோசே பம்பாய் என்று எழுதியிருந்தது.

"பெயர் இல்லாமல் பாதிரியார் இடம் கொடுக்கமாட்டார்" என்றாள் செலா. "எங்களுக்கு அவன் பம்பாய். அதனால் என் அப்பா பெயரை முன்னால் போட்டேன். தப்பா?"

தப்பில்லை என்றேன். முதலில் வீட்டு முற்றத்தில் குழி தோண்டியவரும், பிறகு எலும்புகளை எடுத்து இங்கே வைத்தவரும் அவள் புருஷன்தான். அவரிடம் தனியாகக் கேட்டேன். செலா சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் வித்தியாசம் இல்லை. வலது கையைக் காட்டி, "இந்த விரல், இதுவரை" என்று தாமாகவே கோடு காட்டினார்.

அன்று அங்கே சிலுவைகளில் பெயர் எழுதுகிறவர்கள் கறுப்புச் சாயமும் தூரிகையுமாகத் திரிவார்கள். ஒருவரைக் கூப்பிட்டு, தமிழில் வேலுச்சாமி என்று மண்ணில் எழுதிக் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்து, சிலுவையில் எழுத்து எழுத்தாகப் படம் வரைந்தார். பெண்கள் பூச்சரங்களைப் போட்டார்கள். எனக்கும் இலையில் சோறு வந்தது. மச்சான் குழி மேல் உட்கார்ந்து நான் சாப்பிட்டேன்.

சிலமலை போய்ச் சேர்ந்தபோது அக்கா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வரப்புக்கு ஏறி வந்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்க்கா. குழியப் பாத்தேன். பொதச்சவங்ககிட்டப் பேசுனேன். மச்சான்தான்."

கையிலிருந்த சேற்றைக் கழுவாமல் வரப்பில் உட்கார்ந்தாள். நடந்ததை முழுக்கச் சொன்னேன். கடைசியில், "வருசாவருசம் சோறு வைக்கிறாகளா?" என்றாள். வைக்கிறார்கள் என்றேன். அப்போதுதான் அழுதாள்.

சாயங்காலம் எங்கள் சித்தப்பா வந்தார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. "ஏப்பு, வந்ததும் வெரசாச் சொல்லிப்புட்டியே. தை கழியட்டும். ஆத்தா, அதுவரைக்கும் ஒங் கழுத்துல கெடக்குறது கெடக்கட்டும். நெறைஞ்ச மனுசியா நின்னு புள்ளையக் கட்டிக்குடு. அப்புறம் செய்ய வேண்டியதச் செய்வோம்."

"தெரியாம இருந்தப்பப் போட்டிருந்தேன், சரி" என்றாள் அக்கா. "தெரிஞ்சுபோச்சு. இனி போட்டா அது வேசம்."

"அப்ப மணவறைப் பக்கம் வரமுடியாதே தாயி."

"ஏன் முடியாது? கல்யாணம் எம்மகளுக்கு."

மறுநாள் காலையில் அவள் தாலியைத் தானே கழற்றினாள். ஆற்றங்கரைக்குப் போகவில்லை, சுற்றி நின்று அழ யாரையும் கூப்பிடவும் இல்லை.

தையில் கல்யாணம் நடந்தது. மணப்பெண்ணை அழைத்துவரச் சித்தி எழுந்தபோது, உள்ளேயிருந்து அக்காவே மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை, நெற்றியில் ஒன்றும் இல்லை. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்தினார். மாப்பிள்ளையின் தாயார் கூட்டத்தைப் பார்த்தார், கூட்டம் அவரைப் பார்த்தது.

"ஆத்தா, கொஞ்சம் அங்கிட்டு..." என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

"நான் இங்கனதான் நிப்பேன்" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. மகளை மணையில் உட்காரவைத்தாள். ஒதுங்காமல் அவள் பின்னால் நின்றாள்.

மாப்பிள்ளையின் தாயார் அக்காவின் வெறுங்கழுத்தைப் பார்த்தார். பிறகு மேளக்காரரைப் பார்த்து, "என்னப்பா, கை வலிக்குதா? வாசி" என்றார்.

மேளம் தொடங்கியது. தாலி கட்டி முடியும்வரை அக்கா இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.